கொடி திருடிய சம்மனசு

கொடியை எடுத்தது ஜெர்லின்தான்.

இதில் மர்மம் எதுவும் இல்லை. பட்டப்பகலில் எடுத்தாள், தெரிந்தே எடுத்தாள், கோபத்தில் எடுத்தாள். அன்று சாயங்காலத்துக்குள் அதை அவளே ஊர் கேட்கப் பலமுறை சொல்லியும் விட்டாள். சிக்கல் என்னவென்றால், கோட்டுச்சேரிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தோணியார் கோயில் தெருவில் ஒருவர்கூட அவளை நம்பவில்லை.

ஜெர்லினுக்கு இருபத்துநான்கு வயது. டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவள். அப்பா மரியசெல்வத்தின் பேக்கரியில் பன்னும் ரஸ்க்கும் பாக்கெட் போடுவது, அவற்றைப் பக்கத்துக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது அவள் வேலை. பேச்சு கொஞ்சம் தடிப்பாக வரும். அவசரப்பட்டால் சொற்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். ஆனால் நேற்றைய பன்னை இன்றைய பன் என்று எவரும் அவள் தலையில் கட்டிவிட முடியாது. சண்டைக்கு வந்துவிடுவாள்.

தெருவில் அவளுக்கு வேறொரு பெயர் இருந்தது. சம்மனசு. வானதூதரை அந்தப் பக்கத்துக் கத்தோலிக்கர் அப்படித்தான் சொல்வார்கள். ஞானஸ்நானம் கொடுத்த சாமியார் ஆசையாகக் கூப்பிட்டது, ஒட்டிக்கொண்டது.

பெயரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வருஷா வருஷம் திருவிழாக் கொடி ஊர்வலத்தின் முன்வரிசையில் வெள்ளை கவுன், முதுகில் அட்டை இறக்கை, தலையில் ஜரிகை வளையத்தோடு சம்மனசுகள் நடக்கும். எல்லாம் ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள். கொஞ்சம் வளர்ந்ததும் இறக்கையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பாட்டுக் குழுவுக்கோ பந்தல் வேலைக்கோ போய்விடுவார்கள். ஜெர்லின் மட்டும் கழற்றவே இல்லை. கழற்ற யாரும் விடவில்லை. கூட நடந்த தோழிகள் கல்யாணம் கட்டி, தங்கள் பிள்ளைகளுக்கு இறக்கை மாட்டி, அவள் பக்கத்தில் நிறுத்திவிட்டுப் போகிற காலமும் வந்துவிட்டது.

அவள் கண் வேறு இடத்தில் இருந்தது. கொடியில்.

அந்தோணியார் படம் போட்ட அந்தப் பெரிய கொடியை விரித்து, நான்கு மூலைகளை நான்கு இளம்பெண்கள் பிடித்துக்கொண்டு தெருவைச் சுற்றி வருவார்கள். நால்வருக்கும் ஒரே மாதிரி சேலை. அது முடிந்துதான் கொடி மரத்தில் ஏறும். மூலை யாருக்கு என்று முடிவு செய்வது இளையோர் குழுத் தலைவி ஜெனிஷா. ஜெர்லினின் சித்தப்பா மகள், மூன்று வயது இளையவள்.

கொடியேற்றத்துக்கு முந்தின நாள் ஜெர்லின் அவளைப் பேக்கரி வாசலிலேயே பிடித்தாள்.

"எனக்கு ஒரு மூலை குடு."

ஜெனிஷா சிரித்தாள். கெட்ட சிரிப்பில்லை, செல்லச் சிரிப்பு. அதுதான் ஜெர்லினுக்கு ஆகவில்லை.

"ஏ சம்மனசு, உனக்குத்தான் இறக்கை இருக்கே! மூலையைப் புடிச்சு என்னா பண்ணப் போற?"

"எனக்குச் சேலை கட்டத் தெரியும்."

"தெரியும்டா செல்லம். நீ முன்னாடி நட. நீ நடந்தாத்தான் ஊர்வலத்துக்கே அழகு."

சொல்லிவிட்டுக் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள்.

அந்தக் கிள்ளல்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

மறுநாள் சனிக்கிழமை. பந்தல்காரர்களுக்குக் காலை டீயோடு கொடுக்க பேக்கரியிலிருந்து ஒரு பை நிறைய பன் போனது. கொண்டுபோனது ஜெர்லின். பன்னைக் கொடுத்தாள். காலிப் பையோடு கோயிலுக்குள் போனாள். பீடத்துக்குப் பின்னால் இருக்கும் அறையில், இஸ்திரி போட்டு மடித்த கொடி மேஜைமேல் இருந்தது. பைக்குள் வைத்தாள். மேலே ஒரு பழைய செய்தித்தாளைப் போட்டாள். வெளியே வந்தாள்.

வாசலில் உபதேசியார் மரியசூசை நின்றிருந்தார். கோயில் சாவி, மணி, மெழுகுவர்த்தி, பந்தல்காரர்களோடு சண்டை எல்லாம் அவர் பொறுப்பு. ஜெர்லினைப் பார்த்ததும் குரல் குழைந்தது.

"சம்மனசு, பாத்துப் போம்மா. வயர் கெடக்கு."

தானே குனிந்து மைக்செட் வயரைத் தூக்கிப் பிடித்து அவளுக்கு வழிவிட்டார். கொடி அவர் மூக்குக்குக் கீழே வெளியேறியது.

பேக்கரி வாசலில் கருப்பையனின் ஆட்டோ நின்றது. கருப்பையன் உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்தான். சனிக்கிழமை என்றால் அவனுக்குத் திருநள்ளாறு சவாரி ஓயாது. ஜெர்லின் பின்சீட்டுக்குப் பின்னால் இருந்த இடுக்கில் கொடியைச் செருகினாள்.

"போ. எங்கயாவது போ," என்றாள் கொடியிடம்.

ஆட்டோ கிளம்பியது. அது வளைவில் மறைகிற வரை கோபம் இருந்தது. மறைந்ததும் வளைவு வரை ஓடிப்போய் எட்டிப் பார்த்தாள்.

*

திருவிழாவுக்கு முன், செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனம் செய்வது வழக்கம். கோயிலுக்குள் நீண்ட வரிசை. பெண்கள் ஜெர்லினை முன்னால் தள்ளிவிட்டார்கள்.

"நீ போ சம்மனசு. உனக்கென்ன, ஒரு நிமிஷ வேலை."

உள்ளே இருந்தவர் ஃபாதர் ஜாக்சன். முப்பத்திரண்டு வயது. தவக்காலத்தில்தான் இந்தப் பங்குக்கு மாற்றலாகி வந்தவர். வந்த வாரமே அவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்: ஜெர்லின் வந்தால் ஆசீர்வாதம் பண்ணி ஒரு மிட்டாய் கொடுத்தால் போதும். அதற்கென்று இருக்கைப் பக்கத்தில் ஒரு டப்பா மிட்டாய் வைத்திருந்தார்.

ஜெர்லின் முழந்தாளிட்டாள்.

"கொடியை எடுத்தேன் ஃபாதர். கோவத்துல எடுத்தேன். கருப்பையன் அண்ணன் ஆட்டோல வச்சேன். ஆட்டோ போயிருச்சு."

ஃபாதர் முழுதாகக் கேட்டார். ஒரு வார்த்தையைக்கூட நம்பவில்லை. சின்னப் பிள்ளைகள் காகிதக் கொடி ஒட்டி விளையாடுவதை ஏதோ சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

"பரவாயில்லம்மா. ஆண்டவருக்கு உன்னை ரொம்பப் புடிக்கும். ஒரு அருள்நிறை மரியே செபம் சொல்லு."

சிலுவை அடையாளம் வரைந்து பாவமன்னிப்பும் கொடுத்தார். கையோடு மிட்டாயும் வந்தது.

திருடியதைச் சொல்லிவிட்டு மிட்டாய் வாங்கிக்கொண்டு வெளியே வந்த ஜெர்லின் படியில் உட்கார்ந்து யோசித்தாள். சாமியார் எழுந்து ஓடவில்லை. ஆட்டோவைத் துரத்தவில்லை. யாருக்கும் போன் செய்யவில்லை. மிட்டாயைப் பிரிக்காமலே கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

மதியம் மரியசூசையின் அலறல் கேட்டது.

"கொடியக் காணோம்!"

காணாமல் போன பொருளைத் தேடித் தருகிறவர் அந்தோணியார். அவர் கோயிலிலேயே பொருள் காணவில்லை. அதுவும் அவர் படமே போட்ட பொருள். தெருவே திரண்டது. பீரோவைத் திறந்தார்கள், பீடத்துக்கு அடியில் பார்த்தார்கள், பீடத்தில் நிற்கும் சுருபங்களின் துணியைக்கூட விலக்கிப் பார்த்தார்கள்.

ஃபாதர் ஜாக்சனுக்கு மட்டும் தேட வேண்டிய அவசியம் இல்லை. யார் எடுத்தது, எங்கே இருக்கிறது என்று இரண்டும் அவருக்குத் தெரியும். தெரிந்த நொடியில் அவர் முகம் வெளிறியது.

ஏனென்றால் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை உயிரே போனாலும் குருவானவர் வெளியே சொல்லக்கூடாது. வாயால் மட்டுமல்ல, கண்ணால், சாடையால், ஒரு 'ம்' மூலமாகக்கூடக் காட்டக்கூடாது. கருப்பையனுக்குப் போன் போடக்கூடாது. ஜெர்லின் இருக்கும் பக்கம் அர்த்தத்தோடு திரும்பக்கூடாது. காலையில் அவள் சொன்னபோதே நம்பி, "போய் எடுத்து வந்துடும்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். இப்போது வாய்ப்பூட்டு.

"ஃபாதர், உங்களுக்கு யார் மேலயாச்சும் சந்தேகம்?" என்றார் மரியசூசை.

"எனக்கா? எனக்கு... வெயில் ஜாஸ்தியா இருக்குல்ல?"

கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

"இந்த வயசுல ஃபாதருக்கு சுகர் போல," என்று ஒரு அம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

அப்போதுதான் ஜெர்லின் கூட்டத்துக்கு நடுவில் வந்து நின்றாள்.

"நான் எடுத்தேன்."

எல்லோர் முகத்திலும் சிரிப்பு. அவள் அம்மா அமுதம் ஓடிவந்து முந்தானையால் அவள் நெற்றியைத் துடைத்தாள்.

"காலைலேர்ந்து வெயில்ல அலையுது. அதான் பெனாத்துது."

மரியசூசைக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "பாத்தீங்களா? யாருக்கும் சங்கடம் வரக்கூடாதுன்னு பழியத் தன்மேல போட்டுக்குது. இதுக்குத்தான் சம்மனசுங்கறது!"

"இல்ல! நான்தான் எடுத்தேன்! கருப்பையன் அண்ணன் ஆட்டோல வச்சேன்!"

சிரிப்பு சட்டென்று நின்றது. அவள் சொன்னதில் எல்லோர் காதிலும் ஏறியது ஒரே ஒரு பெயர்தான்.

கருப்பையன்.

முந்தின நாள் நடந்தது எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. அலங்கார வளைவு கட்டுவதற்காகக் கோயில் முனையில் இருந்த ஆட்டோ ஸ்டாண்டைத் தள்ளிப் போடச் சொன்னார் மரியசூசை. கருப்பையன் அவரோடு மல்லுக்கு நின்று, "நீங்க எப்படித் திருவிழா நடத்துறீங்கன்னு நானும் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

"அவன் எடுத்திருக்கான்! பிள்ளை பாத்திருக்கு!"

"அதான் சொல்லத் தெரியாம சொல்லுது!"

ஃபாதர் ஜாக்சன் கையை உயர்த்தினார். காலையில் கேட்டதைச் சொல்ல முடியாது. ஆனால் இப்போது எல்லோர் காதிலும் விழுந்ததைத் திரும்பச் சொல்லலாம். அதைத்தான் சொன்னார்.

"அவங்க அப்படிச் சொல்லலையே. 'நான் எடுத்தேன்'னு சொன்னாங்க. அதைக் கேளுங்க."

மரியசூசை சுற்றுமுற்றும் பார்த்தார்.

"எவங்க ஃபாதர்?"

*

வெயில் சாயும் நேரத்துக்குக் கருப்பையனின் ஆட்டோ திரும்பி வந்தது. நெற்றியில் திருநள்ளாற்று விபூதி, கையில் பாதி தின்ற வாழைப்பழம். அவன் இறங்குவதற்குள் ஆட்டோவைச் சூழ்ந்துகொண்டார்கள். யாரோ பின்சீட்டுக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவினார்கள்.

கொடி வந்தது. மடிப்புக் கலையாமல் வந்தது.

"அந்தோணியாரையே திருநள்ளாறுக்கு சவாரி ஏத்திட்டியாடா?"

"ஐயோ, எனக்குத் தெரியாதுங்க! சத்தியமா நான் பாக்கவே இல்லங்க!"

ஆளுக்கொரு பக்கமாக இரண்டு பேர் அவன் கைகளைப் பிடித்துக்கொண்டார்கள். பந்தலுக்குள் இழுத்து வந்தார்கள். கொடியைப் பிளாஸ்டிக் மேஜைமேல் வைத்தார்கள். விசாரணை ஆரம்பித்தது. ஒருவர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாம் என்றார். இன்னொருவர் போலீஸ் எதற்கு, இனி இந்த முனையில் அவன் ஆட்டோ நிற்கக்கூடாது, அவ்வளவுதான் என்றார். அதற்குத் தலைகள் பலமாக ஆடின.

கருப்பையன் கெஞ்சினான். "அந்த ஸ்டாண்டு இல்லன்னா எனக்குப் பொழப்பே இல்லங்க. எம் பொண்ணு இப்பத்தான் நர்சிங் சேந்திருக்கு. திருடன் மகள்னு சொல்ல மாட்டாங்களா?"

"அண்ணன் எடுக்கல! நான் எடுத்தேன்!"

ஜெர்லின் கத்தினாள். யாரும் திரும்பவில்லை. அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "செத்த இரும்மா" என்றார் மரியசெல்வம். ஜெனிஷாவின் கையைப் பிடித்தாள். ஜெனிஷா அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

கடைசியில் கருப்பையனே சொன்னான்:

"அந்தப் பிள்ளையை என்னாத்துக்குங்க இதுல இழுக்குறீங்க? அதுக்கு என்னா தெரியும்?"

ஜெர்லின் ஜெனிஷாவின் கையை விட்டாள்.

அவன் தலையில் பழி விழக் காரணம் அவள். அவனே அதை நம்ப மாட்டேன் என்கிறான். இனி யாரிடம் சொல்வது? சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் கொடி மரத்தில் ஏறிவிடும். கருப்பையன் அண்ணன் திருடனாகவே வீட்டுக்குப் போவான். அவள் இறக்கை மாட்டிக்கொண்டு முன்னால் நடக்க வேண்டும்.

மேஜையைப் பார்த்தாள். கொடி தனியாக இருந்தது. எல்லோர் கண்ணும் கருப்பையன் மேல்.

போனாள். எடுத்தாள். அக்குளில் இடுக்கிக்கொண்டாள். நடந்தாள்.

பையில்லை. செய்தித்தாள் இல்லை. மறைக்க எதுவுமே இல்லை. கொடியின் ஒரு ஓரம் தொங்கி முழங்காலில் இடித்தது. நாற்காலியில் இருந்த ஒரு பெரியவர் அவளுக்கு வழிவிட்டுக் காலை மடக்கிக்கொண்டார். "தண்ணி குடிச்சிட்டு வாடா" என்றாள் அமுதம். கருப்பையனை நோக்கி விரலை ஆட்டி முழங்கிக்கொண்டிருந்த மரியசூசை, பேச்சை நிறுத்தாமலே குனிந்து, வயரைத் தூக்கிப் பிடித்தார். ஜெர்லின் அதற்கு அடியில் புகுந்து போனாள்.

ஒரே ஒருவர் பார்த்தார். ஃபாதர் ஜாக்சன்.

இது பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதல்ல. இரண்டு கண்ணாலும் பார்த்தது. "கொடி போகுது!" என்று அவர் தாராளமாகக் கத்தலாம். வாயைத் திறந்தார். அப்புறம் யோசித்து, கெட்டியாக மூடிக்கொண்டார். அன்று காலையிலிருந்து முதல்முறையாக அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

"...இந்தப் புனிதமான கொடியைத் திருடின கை இருக்கே, அந்தக் கை..." என்று மரியசூசை மேஜைப் பக்கம் திரும்பினார்.

மேஜை வெறுமையாக இருந்தது.

"கொடி? கொடி எங்க? இப்பத்தானே இங்க இருந்துச்சு!"

எல்லோரும் கருப்பையனைப் பார்த்தார்கள். இருபுறமும் பிடித்திருந்த கைகளைக் கருப்பையன் பார்த்தான்.

"இப்ப நான் எப்படிங்க எடுத்திருப்பேன்? ரெண்டு கையும் உங்ககிட்டதானே இருக்கு?"

அந்த நொடியில் தெருவின் இரண்டு முனைகளிலும் கட்டியிருந்த ஒலிபெருக்கிகள் கரகரத்தன.

"ஹலோ."

கூட்டம் திகைத்தது.

"ஹலோ. ஜெர்லின் பேசுறேன்." மூச்சு வாங்கும் சத்தம். அவசரப்படாமல் ஒவ்வொரு சொல்லாக வைத்தாள். "கொடி எங்கிட்ட இருக்கு. காலைலயும் நான்தான் எடுத்தேன். இப்பவும் நான்தான் எடுத்தேன். நம்பலன்னா திருப்பி வைங்க. இன்னொரு தடவை எடுத்துக் காட்டுறேன்."

மைக்செட்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். அவருடைய மேஜைக்குப் பின்னால் ஜெர்லின் நின்றிருந்தாள், ஒரு கையில் மைக், ஒரு கையில் அந்தோணியார்.

"ஃபாதர்கிட்ட காலைலயே சொல்லிட்டேன்," என்றும் சேர்த்துக்கொண்டாள்.

எல்லாத் தலையும் ஃபாதர் பக்கம் திரும்பியது.

"அதைப் பத்தி நான் ஒண்ணும் பேச முடியாது," என்றார் ஃபாதர்.

"ஓ! அதான் அந்த வேர்வையா!" என்றாள் சுகர் என்று சொன்ன அம்மாள்.

மரியசூசை அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "வயரை நான் தூக்கிவிட்டேன்," என்றார் தனக்குள். "ரெண்டு தடவையும் நானே தூக்கிவிட்டேன்."

கருப்பையனின் கைகளைப் பிடித்திருந்தவர்கள் மெதுவாக விட்டார்கள். மன்னிப்புக் கேட்கத் தெரியாமல் ஒருவர் அவன் சட்டைக் கையை நீவிவிட்டார். "சரி சரி," என்று சமாதானமாக எழுந்தார் இன்னொருவர். "கொடி கெடச்சிருச்சுல்ல. குழந்தை, ஏதோ விளையாட்டா..."

"எதுங்க விளையாட்டு?"

கருப்பையனின் குரல் பந்தலையே உலுக்கியது.

"ஏய் ஜெர்லின்! இஞ்ச வா!"

ஜெர்லின் மைக்கை வைத்துவிட்டு வந்தாள். அவன் முன்னால் நின்றாள்.

"உனக்கு யாரு மேல கோவம்? எம்மேலயா?"

"இல்ல. ஜெனிஷா மேல."

"ஜெனிஷா மேல கோவம்னா ஜெனிஷா வண்டில வையி! எவ்வளவு பெரிய ஸ்கூட்டி வச்சிருக்கு! எந் தலைல என்னாத்துக்கு வச்ச? காலைலேர்ந்து ஒரு வாய் சோறு திங்கல நான். வந்து எறங்குனா திருடன்னு கையப் புடிக்கிறாங்க! எம் பொண்ணு கேட்டா யாரு பதில் சொல்லுவா? நீ சொல்லுவியா? அறிவு வேணாம்?"

தெருவில் யாரும் ஜெர்லினிடம் இப்படிப் பேசியதில்லை. அவளுக்குக் கண்ணீர் உருண்டது. அமுதம் பதறிக்கொண்டு குறுக்கே வந்தாள்.

"போதும் தம்பி! அழுவுது பாரு!"

"அழுவட்டும்க்கா. தப்புப் பண்ணினவங்க அழுவத்தான் செய்வாங்க. அவதானே பண்ணினா? பின்ன யாரைத் திட்டுறது, உங்களையா?"

"அம்மா, நீ தள்ளு," என்றாள் ஜெர்லின் மூக்கை உறிஞ்சியபடி. "அண்ணன் என்னைத் திட்டுறாங்க."

குரலில் அழுகை இருந்தது. கூடவே, எவரும் கவனிக்கத் தவற முடியாத ஒரு கெத்தும் இருந்தது.

"மன்னிச்சுக்கங்க அண்ணே."

"அதெல்லாம் ஒடனே முடியாது."

"எப்ப முடியும்?"

கருப்பையன் அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. தாடையைச் சொறிந்தான்.

"நாளைக்குக் காலைல வந்து ஆட்டோவைக் கழுவு. அப்புறம் பாக்கலாம்."

"முழுசாவா?"

"முழுசா."

"மேல எட்டாது."

"ஸ்டூல் போட்டுக்க."

"சரி."

அடுத்து ஜெனிஷா வந்தாள். அவளுக்கும் முகம் சிவந்திருந்தது.

"எம்மேல கோவம்னா நேரா எங்கிட்ட சொல்றதுக்கு என்னா?"

"சொன்னேன். நீ கன்னத்தைக் கிள்ளுன."

ஜெனிஷா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "கிள்ளினது தப்புதான். ஆனா இந்த வருஷம் உனக்கு மூலை கெடையாது."

"ஏன்?"

"ஏனா? திருடிட்டு மூலையும் வேணுமாக்கா உனக்கு?"

அக்கா என்று அவள் கூப்பிட்டது அதுதான் முதல்முறை. கோபத்தில் வந்துவிட்டது.

"அடுத்த வருஷம்?"

"குழுவுல சேரு. பாட்டுப் பயிற்சிக்கு ஒழுங்கா வா. டிமிக்கி குடுத்தா அப்பவும் கெடையாது."

"டிமிக்கி நீதான் குடுப்ப. எனக்குத் தெரியும்," என்றாள் ஜெர்லின்.

மரியசெல்வம் மனைவியின் காதில் கிசுகிசுத்தார்: "நம்ம வீட்டுல யாருமே திருடினதில்லையே அமுதம்."

"உங்க தம்பி பள்ளிக்கூடத்துல சாக்பீஸ் பெட்டியோட புடிபட்டாரு. மறந்துட்டீங்களா?" என்றாள் அமுதம். அழுகையும் சிரிப்புமாக அவளுக்கு மூச்சு முட்டியது.

*

ஊர்வலம் கிளம்பும் நேரத்தில் இன்னொரு தகராறு. ஜெர்லின் வீட்டுக்குப் போய் அம்மாவின் பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து, மெழுகுவர்த்தியோடு பெண்கள் வரிசையில் நின்றுவிட்டாள். மரியசூசை அட்டை இறக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ஃபாதரிடம் ஓடினார்.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க ஃபாதர். அவ முன்னாடி நடக்காம எப்படி? பாவமே அறியாத..."

சொல்லும்போதே அவருக்கு நாக்கு இடறியது.

"உபதேசியாரே, செத்த யோசிங்க," என்றார் ஃபாதர் ஜாக்சன். "ஆண்டவர் சிலுவையில தொங்கினது சம்மனசுங்களுக்காகவா?"

"அவங்களுக்கு எதுக்கு ஃபாதர்? மனுசருக்காக. பாவிகளுக்காக."

"அப்ப ஜெர்லினை இத்தனை வருஷம் சம்மனசு வரிசையில நிறுத்தினோமே, அவர் தொங்கினதுல அவங்களுக்குப் பங்கு இல்லன்னுதானே அர்த்தம் ஆவுது? கோவப்பட, தப்புப் பண்ண, மன்னிப்புக் கேக்க, திரும்ப எழுந்து நிக்க, இதுக்கெல்லாம் மனுசராத்தான் இருக்கணும். கடவுள் அவங்களை மனுசியாத்தான் படைச்சாரு. நாமதான் அது போதாதுன்னு அட்டையில இறக்கை வெட்டினோம்." தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "ஊருக்கு மட்டும் சொல்லலை. வந்த நாள்லேர்ந்து மிட்டாய் குடுத்து அனுப்பினவன் நானும்தான்."

மரியசூசை இறக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் அதைக் கொண்டுபோய்ப் பந்தல் மூங்கில் குவியல்மேல் போட்டுவிட்டு வந்து, மணியை அடித்தார்.

பேண்டு முழங்கியது. சின்னச் சம்மனசுகள் முன்னால் நடந்தன. நான்கு மூலைகளையும் நான்கு பெண்கள் பிடித்தார்கள். ஜெர்லின் பெண்கள் வரிசையில் நடந்தாள். சேலைக் கொசுவம் பாதி வழியில் அவிழ, பக்கத்தில் வந்த பெண் மெழுகுவர்த்தியை வாங்கிக்கொள்ள, அவளே நின்று செருகிக்கொண்டு, ஓடிப்போய் வரிசையில் சேர்ந்துகொண்டாள். கொடி மரத்தில் ஏறியபோது வெடிச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு எல்லோரையும் போல அண்ணாந்து பார்த்தாள்.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து ஜனம் கலைந்துகொண்டிருந்தது. கோயில் முனையில், தன் பழைய ஸ்டாண்டிலேயே, கருப்பையனின் ஆட்டோ நின்றது. அலங்கார வளைவைத்தான் இரண்டடி தள்ளி நட்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு வாளி, ஒரு ஸ்டூல், ஒரு துணி.

ஜெர்லின் ஸ்டூல்மேல் நின்று கூரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கருப்பையன் கைகளைக் கட்டிக்கொண்டு ஆட்டோவைச் சுற்றி வந்தான். முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்தான். விரலால் தடவிப் பார்த்தான்.

"என்னா கழுவுற நீ? இஞ்ச பாரு, சேறு அப்படியே இருக்கு! கண்ணு தெரியலையா?"

பேக்கரி வாசலில் நின்ற அமுதத்துக்குச் சுருக்கென்றது. ஒரு அடி முன்னால் வைத்தாள். மரியசெல்வம் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

ஸ்டூல்மேல் இருந்து பதில் வந்தது, தெருவுக்கே கேட்கும்படி:

"தெரியுதுல்ல! மேல முடிச்சிட்டுத்தானே கீழ வர முடியும்! தள்ளி நில்லுங்க அண்ணே, தண்ணி தெறிக்கும்!"

கருப்பையன் தள்ளி நின்றான்.